ஒலிவாங்கி மலிந்த கதை: வீட்டில் குரல் பதிய எதை வாங்குவது?

"சேர், வீட்டில் பதிவு செய்ய குறைந்த விலையில் என்ன மைக் வாங்கலாம்?" இந்தக் கேள்வி எமது உள்பெட்டிக்கு அடிக்கடி வருகிறது. இணையத்தில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள், கஸீதா பாடும் பிள்ளைகளின் பெற்றோர், கவிதை வாசித்து யூடியூபில் போட விரும்பும் மாணவிகள் என்று கேட்பவர்கள் பலவிதம்.

ஒரு மொடல் இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நாளைக்கு அந்த மொடல் சந்தையில் இருக்காது. டொலர் ஏறினால் அதன் விலையும் எம் கைக்கு எட்டாது. கடைக்காரர் "இதுவும் அதே மாதிரித்தான்" என்று வேறொன்றை எடுத்து வைப்பார். அப்போது தெரிவு செய்ய எமக்கு ஓர் அறிவு வேண்டும். அந்த அறிவு வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

1. குழாய்க்கு முன்னால் நின்று பாடிய காலம்

1902 நவம்பர். கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறை. கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் அங்கே கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியைப் பதிவு செய்கிறார். அறையில் ஒலிவாங்கி கிடையாது. இருந்தது ஒரு பெரிய தகரக் குழாய் மட்டும். பாடகி அதற்குள் முகத்தை நீட்டிப் பாடவேண்டும். குரலின் காற்றழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறவேண்டும். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை.

பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். இசைத்தட்டுகள் அச்சாகியது ஜேர்மனியின் ஹனோவரில். அங்கிருந்த தொழிலாளர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரியவேண்டுமே!

இந்த முறையில் ஒரு பெரிய அநியாயம் இருந்தது. பலமான குரல்தான் மெழுகில் பதியும். மெல்லிய குரல் பதியாது. தொட்டிலருகே தாய் பாடும் தாலாட்டையும், மூச்சு வாங்க முதியவர் சொல்லும் கதையையும் அந்தக் குழாய் ஏற்றுக்கொள்ளாது. யாருடைய குரல் வரலாற்றில் நிற்கவேண்டும் என்பதைக் கருவியே தீர்மானித்தது.

வேடிக்கை என்னவென்றால் அதற்கு முன்பே ஒலிவாங்கி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1877 இல் எமில் பெர்லினரும் அதே காலத்தில் எடிசனும் தொலைபேசிக்காக அதைச் செய்தார்கள். யார் முதலில் என்று நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1878 இல் பிரித்தானியாவில் டேவிட் எட்வேர்ட் ஹியூஸ் மூன்று இரும்பாணிகளை ஒன்றின்மேல் ஒன்று தளர்வாக வைத்து அதே தத்துவத்தை விளக்கிக் காட்டினார். ஒலி அதிர்வில் தொடுகை இறுகும், தளரும். அதற்கேற்ப மின்னோட்டம் கூடும், குறையும். ஹியூஸ் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். மலிவான ஒலிவாங்கியின் வரலாற்றில் முதல் கொடையாளி அவர்தான் என்று நாம் சொல்வோம்.

ஆனால் அந்தக் கரி ஒலிவாங்கி இரைச்சல் நிறைந்தது. பேசுவதற்குப் போதும், இசைக்குப் போதாது. 1916 இல் ஈ.சி. வென்ட் என்ற பொறியியலாளர் கண்டென்சர் ஒலிவாங்கியை உருவாக்கினார். மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் ஒரு தகடு, இரண்டுக்கும் இடையில் மின்னேற்றம். 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு சந்தைக்கு வந்தபோது குழாயின் காலம் முடிந்தது. காதருகே பேசுவதுபோல மெதுவாகப் பாடும் பிங் குரொஸ்பி போன்றவர்கள் அதன் பிறகுதான் சாத்தியமானார்கள்.

எமது நாட்டுக்கும் அதே ஆண்டு முக்கியமானது. 1923 இல் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிறிய அறையில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களும் அந்தக் கருவியில் இருந்தன. 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

2. நிறுவனங்களின் கையில் இருந்த மைக்

மின் ஒலிவாங்கி மெல்லிய குரலுக்கு இடம் கொடுத்தது, ஏழையின் குரலுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பேர்லினில் ஜோர்ஜ் நொய்மன் 1928 இல் தொடங்கிய கம்பனியின் கண்டென்சர்கள், அமெரிக்க ஆர்சிஏவின் ரிப்பன் ஒலிவாங்கிகள் எல்லாம் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியவை.

எவ்வளவு விலை? 1930களில் ஆர்சிஏவின் ரிப்பன் ஒலிவாங்கி பிரித்தானியாவில் சுமார் 130 பவுண். பிபிசிக்கே அது கட்டுப்படியாகவில்லை. அவர்கள் மார்க்கோனி கம்பனியுடன் சேர்ந்து 1934 இல் தாமாகவே ஒரு ரிப்பன் ஒலிவாங்கியைச் செய்துகொண்டார்கள். அதன் விலை சுமார் 9 பவுண். பழைய பிபிசி படங்களில் காணும் அந்த நீள்வட்டப் பெட்டி அதுதான். உலகப்புகழ் பெற்ற அந்தக் கருவி பிறந்ததே "மலிவாக ஒன்று வேண்டும்" என்ற தேவையால். மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும்.

1949 இல் நொய்மன் யூ47 வந்தது. பாடகர்களின் கனவுக் கருவி. இன்றும் நல்ல நிலையில் உள்ள ஒன்று 10,000 டொலருக்கு மேல் போகிறது. அந்தக் காலத்தில் ஒலிவாங்கி கலைஞனைத் தேடி வராது. கலைஞன்தான் அதைத் தேடிப் போகவேண்டும். எமது மூத்த தலைமுறையிலும் ஒருவரின் குரல் பதிவாக வேண்டுமானால் பெரும்பாலும் கொழும்பில் வானொலிக் கலையகத்தின் வாசலைத்தான் மிதிக்கவேண்டும். அங்கே போக முடிந்தவர்களின் குரல் நின்றது. கிராமத்தில் இருந்துவிட்டவர்களின் குரல் அவர்களுடனேயே போய்விட்டது.

3. விலையை இறக்கிய இரண்டு கண்டுபிடிப்புகள்

முதலாவது டைனமிக் ஒலிவாங்கி. காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய சவ்வு. ஒலிபெருக்கியைத் தலைகீழாக இயக்கினால் எப்படியோ அப்படி. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஈரக்காற்றுக்கும் அவ்வளவாக அஞ்சாது. 1939 இல் ஷூர் கம்பனியின் பெஞ்சமின் பௌவர், ஒரே ஒரு கம்பிச்சுருளைக் கொண்டு முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் யூனிடைன் ஒலிவாங்கியைச் செய்தார். அதன் வழியில் 1965 இல் எஸ்எம்57, 1966 இல் எஸ்எம்58 வந்தன. எஸ்எம் என்பது ஸ்டூடியோ மைக்ரோபோன் என்பதன் சுருக்கம். மேடைக்குப் புகழ்பெற்றது பின்னர்தான். அமெரிக்க ஜனாதிபதிகள் உரையாற்றும் மேசையில் நீண்டகாலமாக நிற்பதும் எஸ்எம்57தான். விலை அங்கே இன்றும் 100 டொலர் அளவில்தான்.

இரண்டாவது எலக்ட்ரெட். கண்டென்சருக்கு எப்போதும் மின்னேற்றம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் செலவு. காந்தம் காந்தத்தன்மையை வைத்திருப்பதுபோல மின்னேற்றத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் ஒரு பொருள் கிடைத்தால்? ஜப்பானின் எகுச்சி 1920 வாக்கில் மெழுகில் இதைச் செய்து காட்டினார். ஆனால் மெழுகு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மெல்லிய டெஃப்லோன் படலத்தில் அதைச் சாதித்தார்கள். வெஸ்ட் 1931 இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை என்று சட்டம் போட்டிருந்த வேர்ஜீனியாவில் பிறந்தவர். அந்த மனிதரின் கண்டுபிடிப்புத்தான் டேப் ரெக்கோடர், தொலைபேசி, காது கேட்கும் கருவி என்று உலகமெங்கும் புகுந்தது. சட்டையில் குத்தும் சிறிய மைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் இருப்பது அதுதான். அந்தச் சிறு பொத்தானைச் செய்ய இப்போது ஆகும் செலவு மிகச் சொற்பம்.

4. படுக்கையறைக்கு வந்த கலையகம்

மைக் மலிந்தால் போதாது, பதியும் இயந்திரமும் மலியவேண்டும். 1979 இல் டியாக் கம்பனி சாதாரண கசெட்டில் நான்கு தடங்களாகப் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை வெளியிட்டது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜேர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் அந்த இயந்திரத்தையும் இரண்டு எஸ்எம்57களையும் வைத்துச் சில பாட்டுகளைப் பதிந்தார். மாதிரிக்காகப் பதிந்தவைதான். பிறகு பெரிய கலையகத்தில் வாத்தியக் குழுவுடன் பதிந்து பார்த்தார், அந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கசெட்டே நெப்ராஸ்கா என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. உலகின் எந்தக் கலையகத்தையும் வாடகைக்கு எடுக்க வசதியுள்ள மனிதர் அவர்.

1990களிலிருந்து சீனத் தொழிற்சாலைகளின் கண்டென்சர்கள் உலகச் சந்தைக்கு வந்தன. அவுஸ்திரேலியாவின் ரோட் கம்பனியும் சீன ஒலிவாங்கியை வாங்கித் திருத்தி விற்றுத்தான் இந்தத் துறையில் காலூன்றியது. 2005 அளவில் கணினியில் நேரே செருகும் யூஎஸ்பி மைக்குகள் பரவின. அதற்குப் பிறகு ஒரு சாதாரண வீட்டின் மேசையும் கலையகம்தான்.

5. அப்படியானால் எதை வாங்குவது?

வரலாறு கொடுக்கும் பதில் இதுதான்: கருவியின் தடை ஏறக்குறைய விலகிவிட்டது. இன்று பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் அல்ல, அறை.

எமது வீடுகளை எண்ணிப்பாருங்கள். சீமெந்துத் தரை, வெற்றுச் சுவர், மேலே மின்விசிறி, வெளியே முச்சக்கரவண்டி, காகம், மழை வந்தால் தகரக் கூரை. கண்டென்சர் இவை அத்தனையையும் நேர்மையாகப் பதிந்து தரும். அதன் திறமையே அங்கே குற்றமாகிவிடும். "இந்த மைக்கின் சுய இரைச்சல் 5 டெசிபல்தான்" என்று விளம்பரம் சொல்லும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விசிறி சுழலும் அறையின் இரைச்சலே 30 டெசிபலைத் தாண்டும்போது அந்த 5க்குக் கொடுத்த காசு யாருக்குப் பயன்?

ஆகவே எமது ஆலோசனை:

– அமைதியற்ற வீட்டில் ஒருவர் பேசவோ ஓதவோ பாடவோ பதிவதென்றால், முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் டைனமிக் மைக். கணினியில் நேரே செருகும் யூஎஸ்பியும், பின்னாளில் மிக்ஸரில் செருக எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது. சாம்சன் கியூ2யூ அந்த வகை.

– கைத்தொலைபேசியில் பாடம் எடுப்பவர்களுக்கு, சட்டையில் குத்தும் எலக்ட்ரெட் மைக் போதும். வாய்க்கு அருகில் இருப்பதே அதன் பலம்.

– உண்மையிலேயே அமைதியான, துணியும் மெத்தையும் நிறைந்த அறை உள்ளவர்கள் மட்டும் கண்டென்சரைப் பற்றி யோசிக்கலாம். எக்ஸ்எல்ஆர் கண்டென்சர்களுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் இடைமுகமும் வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

– பெரிய வலைத்தலையைக் கண்டு மயங்கவேண்டாம். மிக மலிவான "ஸ்டூடியோ கண்டென்சர்" பலவற்றின் உள்ளே இருப்பது அதே சிறு எலக்ட்ரெட் பொத்தான்தான். எஸ்எம்58 அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் ஒன்று. விலை நம்பமுடியாதபடி குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

– காசில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் தூரம்தான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் கூடும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி கூடாது. ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சரித்து வைத்தால் 'ப' எழுத்தின் காற்றும் அடிக்காது. துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

இவ்வளவையும் செய்து பார்த்த பிறகும் குரல் திருப்தி தராவிட்டால் அப்போது விலை கூடிய மைக்கைத் தேடலாம். கடன் வாங்கி அதிலிருந்து தொடங்கவேண்டாம்.

6. யாரைப் பதிவது?

கிழக்கில் எமது உம்மம்மாமார் வாய்மொழியாகச் சொன்ன கவிகள், தாலாட்டுகள், வயல்வெளிப் பாட்டுகள் பல எழுத்தில் இல்லை. இருப்பவை சில புத்தகங்களில் இருக்கின்றன, ஆனால் எந்த மெட்டில், எந்த இழுப்பில், எந்தச் சொல்லில் மூச்சு எடுத்துப் பாடினார்கள் என்பது புத்தகத்தில் இல்லை. அது குரலில் மட்டும் இருக்கிறது. அந்தக் குரல்களுக்கு இப்போது வயது எண்பது, தொண்ணூறு.

அன்று தகரக் குழாய் அவர்களை ஏற்கவில்லை. பிறகு விலை அவர்களைத் தடுத்தது, அதற்குப் பிறகு தூரம் தடுத்தது. இன்று இவற்றில் எதையும் காரணமாகச் சொல்ல முடியாது. உங்கள் பையில் இருக்கும் தொலைபேசிக்குள்ளேயே ஒலிவாங்கி இருக்கிறது.

இந்த வார விடுமுறையில் வீட்டு மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். விசிறியை நிறுத்தி, தொலைபேசியை ஒரு சாண் தூரத்தில் தலையணையின்மேல் வையுங்கள். பெயர், ஊர், திகதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு பாடச் சொல்லுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மைக்கை அடுத்த மாதம் வாங்கலாம்.