பிள்ளை கேட்ட கேள்வியும் நாம் சொல்லாத ஊரும்



நான் இந்த நகரத்துக்கு வந்து ஊருக்கு எழுதிய முதற் கடிதத்தில், "இப்போது பானில் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அம்மாவின் பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. நான் மூன்று சுழிக்குப் பதிலாக இரண்டு சுழி போட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். "பாணிலேயே இருக்காதே, எப்படியாவது சோறு சமைத்துச் சாப்பிடு" என்று எழுதியிருந்தார். அறை நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது உரையின் முடிவில் விளங்கும்.

சென்ற மாதம் என் பேத்தி பாடசாலையிலிருந்து ஒரு மெல்லிய பலகையோடு வந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். றைன் நதியையும் அக்கரையில் நாம் தினமும் பார்க்கிற ஸீபன்கெபிர்க மலைகளையும் அந்தப் பலகையில் உப்பு மாவினால் செய்ய வேண்டுமாம். ஸீபன்கெபிர்க என்றால் நம் மொழியில் ஏழுமலை. இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர். நூறு மீற்றருக்கு ஒரு சென்டிமீற்றர் என்று கணக்கு வைத்து, 321 மீற்றர் உயரமான டிராஹன்ஃபெல்ஸுக்கு மூன்று சென்டிமீற்றரும், 460 மீற்றர் உயரமான குரோசர் ஓல்பேர்க்குக்கு நாலரைக்குச் சற்று மேலும் அடிமட்டத்தால் அளந்து வைத்தாள்.

பலகையோடு ஒரு தாளும் வந்திருந்தது. வீட்டில் வயது கூடியவரிடம் அவர் பிறந்த இடத்தைப் பற்றிக் கேட்டு அரைப் பக்கம் எழுதி, அந்த இடத்தையும் ஒரு படமாகக் காட்ட வேண்டும்.

"அம்மப்பா, உங்கட மலையையும் செய்வம்" என்றாள்.

"எங்கட ஊரில மலை இல்லை, பிள்ளை."

"அப்ப என்ன இருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம்.

இப்படி மண்ணைக் குழைத்துப் புவியியல் படிப்பிக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் இவெர்டன் என்ற ஊரில் 1805 முதல் 1825 வரை யோஹான் ஹைன்ரிஷ் பெஸ்டலோட்சி ஒரு பாடசாலை நடத்தினார். அங்கே பிள்ளைகளுக்கு முதலில் தேசப்படம் காட்டவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சிறு பள்ளத்தாக்குக்கு நடத்திக் கூட்டிச் சென்று, நன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பும்போது பிள்ளைகள் களிமண் எடுத்து வந்தார்கள். பெரிய மேசைகளில், பார்த்த பள்ளத்தாக்கை நாளுக்குக் கொஞ்சமாகச் செய்து முடித்தார்கள். அதன் பிறகுதான் படம் கையில் கொடுக்கப்பட்டது. 1807இல் அங்கே போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் கார்ல் ரிட்டர். பின்னர் பேர்லின் பல்கலைக்கழகத்தின் முதல் புவியியல் பேராசிரியரானவர் அவர். பெஸ்டலோட்சிக்குப் புவியியல் ஒரு சின்னப் பிள்ளை அளவுக்கும் தெரியாது, ஆனாலும் அதைக் கற்கும் வழியை அவரிடம்தான் கற்றேன் என்ற கருத்துப்பட ரிட்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஊரில் படித்த நமக்கு இது புதுமையாக இருக்கும். நமக்குப் புவியியல் என்றால் சுவரில் தொங்கும் உலகப்படமும் ஆசிரியரின் பிரம்பு நுனியும்தான். றைன் நதி எந்தக் கடலில் விழுகிறது என்று நான் மயிலிட்டியிலிருந்தே பாடமாக்கினேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை.

சொந்த ஊரைப் படிப்பது எப்போதும் நன்மையில் முடியும் என்றும் சொல்ல முடியாது. ஜேர்மன் ஆரம்பப் பாடசாலைகளில் இது 'ஹைமாட்குண்ட', அதாவது பிறந்த ஊர் அறிவு என்ற பாடமாக இருந்தது. நாஜிகள் இதையே இரத்தமும் மண்ணும் என்ற பாடமாக மாற்றினார்கள். யார் ஊரவன், யார் ஊருக்கு ஆகாதவன் என்று பிரிப்பதற்கு அது உதவியது. 1970ஆம் ஆண்டளவில்தான் மேற்கு ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பழைய பாடத்தைக் கைவிட்டு, அதன் இடத்தில் புதிய பாடம் ஒன்றைக் கொண்டுவந்தன. என் பேத்தி படிப்பது அதைத்தான்.

அந்தக் காலத்தில் பான் தலைநகரம். றைன் கரையிலுள்ள ஹம்மர்ஷ்மிட் மாளிகையில் ஜனாதிபதி குஸ்தாவ் ஹைனமன் இருந்தார். 1973இல் அவரும் ஹம்பேர்க் தொழிலதிபர் குர்ட் கேர்பரும் சேர்ந்து பாடசாலைப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பரிசு இல்லை. பிள்ளை தன் ஊரில் தேட வேண்டும். நகரசபைப் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டும், வயதானவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். ஜனாதிபதியின் பெயரில் இன்றும் நடக்கிற இப்போட்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

1980இல் தலைப்பு நாஜி காலத்து அன்றாட வாழ்க்கை. பிள்ளைகள் போய்க் கேட்டபோது பல வீடுகளில் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. பாசாவ் நகரத்தில் அன்னா ரோஸ்மஸ் என்ற மாணவி தன் ஊரைப் பற்றித் தேடத் தொடங்கினார். மதிப்புக்குரிய பெரியவர்கள் சிலரின் பழைய கணக்கு வெளியே வந்தது. அவருக்கு மிரட்டல்கள்கூட வந்தன. அவருடைய கதையைத் தழுவி 1990இல் மைக்கேல் ஃபெர்ஹோஃபன் ஒரு திரைப்படம் எடுத்தார்.

இந்தப் போட்டி இரண்டு தடவை நம்மைப் போன்றவர்களின் பக்கமாகவும் திரும்பியது. 1988-89இல் 'நம் ஊர், அந்நியருக்கும் தாயகமா?' என்ற கருத்தில் ஒரு தலைப்பு. 2002-03இல் 'போதலும் வந்து சேர்தலும்' என்ற கருத்தில், குடிபெயர்வின் வரலாறு பற்றி இன்னொன்று.

நேயர்களே, அந்த 2002இல் என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய ஆசிரியை இந்தத் தலைப்புக்காக ஒரு குழுவைச் சேர்த்திருந்தார். மகள் பதினாறு கேள்விகளை அழகாக எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள். நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள்? யாரோடு? வீட்டிலிருந்து வெளிக்கிட்ட அன்று என்ன நடந்தது? நான் சொன்ன பதில், "பிளேனில வந்தனான். பிரச்சினை, அதால வந்தம். வேற என்ன?" அவள் அரைப் பக்கம் எழுதினாள். அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டாள். அதன் பிறகு அவள் கேட்கவுமில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? நம்மில் பலருக்கு இது தெரியும். நாம் நம் கதையை முதலில் சொன்னது பிள்ளைக்கு அல்ல, அதிகாரிக்கு. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, ஒரு திகதி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு சொன்னோம். அதற்குப் பிறகு யார் கேள்வித்தாளோடு முன்னால் இருந்தாலும் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

நான் வந்தது 1985இல். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃபிரீட்ரிக்ஸ்ராச நிலையம், அங்கே நகர ரயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்த வழி அது. 1986 ஒக்டோபர் முதலாம் திகதியோடு கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லியிருந்தால் அது பேர்லின் மதிலின் வரலாற்றில் ஒரு பக்கமாகவே இருந்திருக்கும். அவளுடைய ஆசிரியைக்கும் அது புதிய செய்தியாக இருந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. 2002இல் போர்நிறுத்தம். என் அம்மா உயிரோடு இருந்தார். 1990 ஆனியில் மயிலிட்டியிலிருந்து எல்லோரோடும் இடம்பெயர்ந்து, மல்லாகத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தார். அந்தப் பதினாறு கேள்விகளையும் தொலைபேசியில் அவரிடமே கேட்டிருக்கலாம். 2006இல் அவர் காலமானார்.

பல வருடங்களுக்குப் பிறகுதான் இந்த நகரத்து அகதி ஒருவரின் கதையை நான் வாசித்தேன். அவர் பெயர் கார்ல் ஷூர்ஸ். 1829இல் கேல்னுக்குப் பக்கத்தில் லிப்லார் என்ற ஊரில் பிறந்து, பான் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1848-49 புரட்சியில் இறங்கினார். ராஸ்ராட் கோட்டை வீழ்ந்தபோது கழிவுநீர்க் கால்வாய் வழியாகத் தப்பினார். 1850இல் இரகசியமாகத் திரும்பி வந்து, ஸ்பாண்டவ் சிறையிலிருந்த தன் பேராசிரியர் கொட்ஃபிரீட் கிங்கலை மீட்டுக்கொண்டு போனார். 1852இல் அமெரிக்கா சென்று, பின்னாளில் செனற்றராகவும் உள்துறை அமைச்சராகவும் ஆனார். ஹைனமன் தொடங்கிய போட்டியின் முதல் தலைப்பே ஷூர்ஸ் பங்குபற்றிய அந்தப் புரட்சிதான்.

முதுமையில் தன் குடும்பத்தவர் கேட்டதற்காக ஷூர்ஸ் நினைவுகளை எழுதினார். இளமைக் காலத்தை ஜேர்மன் மொழியிலும் அமெரிக்க வாழ்க்கையை ஆங்கிலத்திலும் எழுதினார். எந்த வாழ்க்கை எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழி. புத்தகம் புரட்சியோடு தொடங்கவில்லை. பிறந்த இடத்தின் அமைப்போடு தொடங்குகிறது. பாட்டனார் குத்தகைக்கு இருந்த மாளிகை, அதைச் சுற்றிய அகழி நீர், முற்றம். முதலில் இடம், பிறகுதான் கதை. பெஸ்டலோட்சியின் பிள்ளைகள் களிமண்ணில் செய்ததை இவர் எழுத்தில் செய்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன்.

மிச்சமிருந்த மாவைப் பலகையில் தட்டையாகப் பரப்பினோம். வடக்கே கடல். மேற்கே காங்கேசன்துறை. 1950இல் தொடங்கிய சிமெந்துத் தொழிற்சாலை அங்கே. கிழக்கே பலாலி. "ஏன் அங்க சிமெந்து?" என்று கேட்டாள். எங்கள் நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல், அதை வெட்டித்தான் சிமெந்து என்றேன். இங்கேயும் டிராஹன்ஃபெல்ஸ் மலையை வெட்டித்தான் கேல்ன் தேவாலயத்துக்குக் கல் கொண்டுபோனார்கள், மலை முழுவதும் போய்விடாமல் 1836இல் பிரஷ்ய அரசு உச்சியை வாங்கியது என்று அவள் எனக்குச் சொன்னாள். கிணற்றுக்கு விரலால் ஒரு குழி குத்தினாள். மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு சவராகிவிடும் என்று விளங்கப்படுத்தினேன்.

"இந்தக் கிணத்தில ஆர் வேணுமெண்டாலும் தண்ணி அள்ளலாமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. இல்லை, சிலர் குடத்தோடு தள்ளி நிற்பார்கள், நாங்கள் யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருப்பார்கள் என்றேன். "ஏன்?" என்றாள். அந்த 'ஏன்' அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. ஆனால் அதையும் எழுதச் சொன்னேன். ஊரைப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் முழு ஊரையும் கொடுக்க வேண்டும்.

பிறகு கை தானாக வேலை செய்தது. வள்ளங்கள் இழுத்து வைத்த இடம், வாடி, கிடுகு வேலி, ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் வீடு. வாடைக்காற்றுக் காலத்தில் அப்பா கடலை எந்த இடத்தில் நின்று பார்ப்பார் என்று ஒரு நெருப்புக்குச்சியைக் குத்தினேன். நான் வெளிக்கிட்ட அன்று அம்மா எந்தப் படலையடியில் நின்றார் என்று இன்னொரு குச்சி. அதுவரை சமையலறையில் நின்ற மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். நாற்பது வருடத்தில் முதன்முறையாக அந்த நாளை முழுதாகச் சொன்னேன். கேள்வித்தாளுக்குத் திறக்காத வாய் உப்பு மாவுக்குத் திறந்தது.

மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களின் பின் 2017 ஆடியில்தான் மக்களிடம் திரும்பியது. உறவினர் ஒருவர் படம் அனுப்பினார். எங்கள் வீடு இருந்த இடத்தில் பற்றை. ஒழுங்கையும் இல்லை. அந்த ஒழுங்கை இன்று இருப்பது என்னைப் போன்ற சிலரின் தலைக்குள்ளும், பானில் ஒரு பாடசாலை அலுமாரியின் மேல் ஒரு பலகையிலும்தான்.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேள்வியோடு வரும்போது, "அது பெரிய கதை" என்று தள்ளாதீர்கள். பெரிய கதையை விடுங்கள். ஒரு தாளை எடுத்து முதலில் கிணற்றைப் போடுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு வழி, வீட்டிலிருந்து பாடசாலைக்கு வழி. பிள்ளை கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் வருவதைத் தமிழிலேயே எழுதி, திகதியும் போட்டு வையுங்கள். பிள்ளை ஜேர்மன் மொழியில் எழுதினால் தடுக்காதீர்கள், அவளுடைய வாழ்க்கை அந்த மொழியில் நடக்கிறது. பழைய கடிதங்களை எறியாதீர்கள்.

அம்மாவின் அந்தப் 'பாண்' கடிதத்தை அன்று இரவு பெட்டியிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தேன். வாசித்துச் சிரித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கொப்பியோடு வந்து, "அப்பா, அந்தப் பதினாறு கேள்வியில முதலாவது என்ன தெரியுமா?" என்றாள். எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு நினைவிருந்தது. இப்போது ஆறாவது கேள்வியில் நிற்கிறோம்.