வோல்கோகிராட் – சென்னையின் ரஷ்ய சகோதரி நகரம்

சென்னைக்கு வெளிநாடுகளில் சகோதரி நகரங்கள் சில உண்டு. அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றில் மூத்தது ரஷ்யாவின் வோல்கோகிராட். சோவியத் யூனியனும் இந்தியாவும் நெருக்கமாக இருந்த 1960களிலேயே இந்த உறவு ஏற்பட்டுவிட்டது. ஆனால் சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகமே! அதே ஊரின் பழைய பெயரைச் சொன்னால் பள்ளி மாணவனுக்கும் தெரியும்: ஸ்டாலின்கிராட்.

மாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 900 கிலோமீட்டர் தொலைவில், வோல்கா நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது இந்நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம். ஆற்றை ஒட்டியே வளர்ந்ததால் அகலம் குறைவு, நீளம் மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் சென்னையைப் போலவே வெயில் 35 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்திலோ வோல்கா உறைந்துவிடும்.

இந்த ஊருக்கு இதுவரை மூன்று பெயர்கள். 1589ல் எல்லைக் கோட்டையாகத் தொடங்கியபோது சாரிட்சின். 1925ல் ஸ்டாலின்கிராட். ஸ்டாலின் இறந்து, அவரது காலத்துக் கொடுமைகளை சோவியத் தலைமையே வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகு, 1961ல் வோல்கோகிராட். 'வோல்கா நகரம்' என்பதுதான் இதன் பொருள். யாருக்கும் மனத்தாங்கல் வராத பெயர்!

1942 ஜூலை முதல் 1943 பிப்ரவரி 2 வரை இங்கு நடந்த போர், இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை. ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளில் ஊர் பற்றி எரிந்து, ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இறந்தனர். பிறகு தெருத் தெருவாக, மாடி மாடியாகச் சண்டை. கடைசியில் ஜெர்மனியின் ஆறாவது படை வளைக்கப்பட்டது. சிறைபிடிக்கப்பட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம் பேர் மட்டுமே. போர் முடிந்தபோது ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. எனவே இன்று பயணி பார்க்கும் நகரம் அநேகமாக முழுக்கவும் 1943க்குப் பிறகு கட்டப்பட்டது. எதைத் திரும்பக் கட்டினார்கள், எதை இடிபாடாகவே விட்டார்கள் என்று கவனித்துக்கொண்டே சுற்றினால்தான் இந்த ஊர் புரியும்.

முதலில் பார்க்க வேண்டியது மமாயெவ் குர்கன் குன்று. ராணுவ வரைபடங்களில் இதன் பெயர் 'உயரம் 102'. ஊரையும் ஆற்றையும் ஒருசேரப் பார்க்கலாம் என்பதால் இரு படைகளும் இதற்காக மாதக்கணக்கில் மோதின. 1943 வசந்தத்தில் இங்கே புல்கூட முளைக்கவில்லை என்பார்கள். மண்ணில் அந்த அளவுக்கு இரும்புத் துண்டுகள். இங்கே போக நல்ல வழி மெட்ரோட்ராம். ட்ராம்தான், ஆனால் நகரின் மையத்தில் சுரங்கத்துக்குள் இறங்கி மெட்ரோ ரயிலைப் போல ஓடும். 1984ல் தொடங்கிய இந்த வண்டியே ஒரு வேடிக்கை.

குன்றின் உச்சியில் நிற்பதுதான் 'தாய்நாடு அழைக்கிறது' சிலை. வாள் நுனி வரை 85 மீட்டர். 1967ல் திறக்கப்பட்டபோது உலகின் மிக உயரமான சிலை இதுவே. சிற்பி யெவ்கேனி வுச்சேட்டிச், பொறியாளர் நிக்கொலாய் நிக்கிடின். மாஸ்கோவின் ஒஸ்டான்கினோ தொலைக்காட்சி கோபுரத்தை வடிவமைத்தவரும் இதே நிக்கிடின்தான். சிலை கான்கிரீட்டால் ஆனது, உள்ளே வெற்றிடம். அடித்தளத்தோடு பிணைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. முதலில் வைத்த வாள் காற்றில் அதிகம் ஆடியதால், 1972ல் துளைகள் கொண்ட சற்றே குட்டையான வாளை மாற்றினார்கள். சிலைக்கு ஏற 200 படிகள். போர் நடந்த நாட்கள் 200 என்பதால் இந்தக் கணக்கு.

ஏறும் வழியில் ஒரு வட்ட மண்டபம். நடுவே ஒரு கை தீப்பந்தம் ஏந்தி நிற்கிறது. சுவர்களில் 7,200 வீரர்களின் பெயர்கள். மெல்ல ஒலிக்கும் இசை, ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் எழுதியது! எதிரி நாட்டின் இசையைத் தங்கள் வீரர்களுக்கான அஞ்சலியாகத் தேர்ந்தெடுத்தது யாரென்றாலும் பெரிய மனது வேண்டும். இந்தக் குன்றிலேயே 34,000க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நகரைக் காத்த படைக்குத் தலைமை தாங்கிய சுய்கோவ் 1982ல் இறந்தபோது அவரையும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். குன்றின் அடிவாரத்தில் 2018 உலகக் கோப்பை கால்பந்துக்காகக் கட்டிய மைதானம் இருக்கிறது. துனீசியாவுடன் இங்கிலாந்து மோதியது இங்கேதான்.

அடுத்து ஆற்றங்கரை. இங்கே எதிரெதிரே இரண்டு கட்டடங்கள். ஒன்று பாவ்லோவ் வீடு. சார்ஜென்ட் யாக்கோவ் பாவ்லோவின் பெயரால் அழைக்கப்படும் இந்த நான்கு மாடிக் குடியிருப்பை ஒரு சிறு குழு 58 நாட்கள் விடாமல் காத்தது. போர் முடிந்ததும் செர்காசோவா என்ற பெண்ணின் தலைமையில் பெண்களே சேர்ந்து இதைச் சீரமைத்தார்கள். இன்றும் அதில் குடும்பங்கள் வசிக்கின்றன. எதிரே இருப்பது ஒரு செங்கல் மாவு ஆலை. அதை மட்டும் குண்டுத் துளைகளோடு, கூரையில்லாமல், அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்று மீண்ட ஊர், மற்றொன்று அழிந்த ஊர். இவ்வளவு பெரிய சிலையைவிட இந்த இரண்டு கட்டடங்கள்தான் நிறையச் சொல்கின்றன. (இந்த ஆலையைக் கட்டிய கெர்ஹார்ட் குடும்பம் ஜெர்மன் வம்சாவளி!)

ஆலையை ஒட்டி 1982ல் திறந்த பனோரமா அருங்காட்சியகம் உள்ளது. 120 மீட்டர் நீளமுள்ள வட்ட ஓவியம்தான் அதன் பெருமை. ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய பொருள் ஒரு மேசை விரிப்பு. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்களால் அழிக்கப்பட்ட இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துப் பெண்கள், 800க்கும் மேற்பட்டோர், தங்கள் பெயர்களைத் தைத்து அனுப்பியது. கூடவே ஆளுக்குச் சில காசுகளாகச் சேர்த்த பணமும் வந்தது. 1944ல் இரு ஊர்களும் முறையாகச் சகோதரி நகரங்களாயின. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் இந்த வழக்கத்துக்கு முன்னோடி இந்த ஜோடிதான் என்பார்கள். பிறகு ஹிரோஷிமா 1972லும், ஜெர்மனியின் கொலோன் 1988லும் சேர்ந்தன. ஆனால் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022ல் கவன்ட்ரி இந்த உறவை நிறுத்தி வைத்தது. குண்டு விழுந்த ஊர் என்ற அனுதாபத்தில் பிறந்த நட்பு, வேறு ஊர்கள் மீது குண்டு விழுந்தபோது தடைப்பட்டது.

பெயர்ச் சண்டையும் ஓயவில்லை. போர் நினைவு நாட்களில் மட்டும் 'ஸ்டாலின்கிராட்' என்று அழைக்கலாம் என 2013ல் நகர மன்றம் முடிவு செய்தது. 2023ல் ஸ்டாலினுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2025ல் விமான நிலையத்தின் பெயர் ஸ்டாலின்கிராட் என மாற்றப்பட்டது. ஆக, வோல்கோகிராடில் இறங்க வேண்டுமானால் ஸ்டாலின்கிராட் விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும்!

தெற்கே போனால் வோல்கா – டான் கால்வாய் தொடங்கும் இடம். 101 கிலோமீட்டர், 13 மதகுகள். கைதிகளின் உழைப்பும் சேர்ந்து கட்டி 1952ல் திறந்தது. அன்று கரையில் இருந்தது மாபெரும் ஸ்டாலின் சிலை. 1961ல் அதை அகற்றிவிட்டு, வெறும் பீடம் பத்தாண்டுக்கு மேல் நின்ற பிறகு 1973ல் லெனினை ஏற்றினார்கள். உலகின் மிக உயரமான லெனின் சிலை இது.

அருகிலேயே பழைய சரெப்டா. 1765ல் ஜெர்மன் கிறிஸ்தவர்கள் வந்து குடியேறிய சிற்றூர். போரில் தப்பிய பழைய வீடுகள் இங்கே கொஞ்சம் உண்டு. இவர்கள் பயிரிட்டுப் புகழ் பெற்றது கடுகு. 'சரெப்டா கடுகு' என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கியது தாவரவியல்படி நம் வீட்டுத் தாளிப்புக் கடுகின் இனமேதான்.

நேரம் இருப்பவர்கள் நகருக்கு வெளியே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ரொசோஷ்காவுக்கும் போக வேண்டும். அங்கிருந்த கிராமம் போரில் அழிந்து போனது. இப்போது சாலையின் ஒரு பக்கம் சோவியத் வீரர்களின் கல்லறை, மறுபக்கம் 1999ல் திறந்த ஜெர்மன் வீரர்களின் கல்லறை. சோவியத் பக்கத்தில் கல்லறை மேல் இரும்புத் தலைக்கவசங்கள். ஜெர்மன் பக்கத்தில் கருங்கல் கனசதுரங்கள். உடல் கிடைக்காத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அகரவரிசையில் அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் வெறும் புல்வெளி. வயல்களில் இன்னமும் எலும்புகள் கிடைக்கின்றன. கிடைத்தவர் எந்தப் படை என்று பார்த்து, சாலைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ புதைக்கிறார்கள்.