இரலையின் காலும் உருக்குத் தகடும்

இரலைக்கு ஓட்டமே உயிர். கால் முறிந்த இரலை காட்டில் நீண்ட நாள் பிழைப்பதில்லை. மிருகக்காட்சிச்சாலைகளிலும், வேலியில் மோதிக் காலை முறித்துக்கொண்ட இரலைக்குப் பெரும்பாலும் கருணைக்கொலையே விதியாக இருந்தது. அந்த விதியை மாற்றிய வரலாறு மனிதனின் என்பிலிருந்து தொடங்குகிறது.

மான் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு இனங்களைக் குறிப்பதுண்டு. ஆண்டுதோறும் கொம்பை உதிர்ப்பவை மான்கள். உதிராத கொம்புடையவை இரலைகள். கோடியக்கரையில் மேயும் வெளிமான் இரலை இனத்தைச் சேர்ந்ததே.

1886 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கார்ல் ஹான்ஸ்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், முறிந்த என்பை உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் பொருத்தும் முறையை வெளியிட்டார். லண்டனில் ஆர்பத்நொற் லேனும் பெல்ஜியத்தில் அல்பன் லம்பொற்றும் அதனை வளர்த்தெடுத்தனர். ஆயினும் அக்காலத் தகடுகள் உடலுக்குள் அரிப்புற்றன, கிருமித்தொற்றும் துரத்தியது. 1949 இல் பெல்ஜிய நாட்டவரான றொபேர்ட் டானிஸ், முறிந்த முனைகளை இறுக அழுத்திப் பிணைத்தால் என்பு செவ்வனே பொருந்தும் என்று எழுதினார். அவரைச் சந்தித்துத் திரும்பிய மொறிஸ் முல்லரும் சக நிபுணர்களும் 1958 இல் சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் ஏ.ஓ. என்ற ஆய்வுக் குழுவை அமைத்தனர். 1969 இல் அதன் மிருக வைத்தியப் பிரிவு உருவானது.

நோயாளியை விரைவில் நடமாட வைப்பதே அக்குழுவின் நோக்கம். மனிதனுக்கு இது ஒரு வசதி, இரலைக்கோ நிபந்தனை. மனிதனிடம் ஆறு வாரம் படுத்திரு என்று சொல்லலாம். இரலையோ மயக்கம் தெளிந்ததும் எழுந்து நிற்கும். அச்சம் கண்டால் ஓடும். அதன் முழு எடையையும் தகடு அப்போதே தாங்கியாக வேண்டும். முழங்காலுக்குக் கீழே தசையும் குறைவு. தகட்டை மூட மெல்லிய தோலே உண்டு.

உலோகத்தால் மட்டும் வெற்றி கிட்டிவிடவில்லை. துரத்திப் பிடிக்கப்படும் இரலை, அச்சத்தாலும் களைப்பாலும் தசைகள் சிதைந்து சில நாட்களின் பின்னரும் இறக்கக்கூடும். 1960களில் வந்த எற்றோர்பின் இந்தத் தடையைத் தளர்த்தியது. மோர்பினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ள அம்மருந்தை ஊசி அம்பில் ஏற்றித் தொலைவிலிருந்தே செலுத்தலாம். எதிர்மருந்தால் உடனே எழுப்பவும் இயலும்.

இவ்வளவு பாடு ஒரு காலுக்காகவா என்று வாசகர்கள் கேட்கலாம். அராபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை இரலையின் கதை அதற்கு விடை. அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் 1963 முதல் அதனைக் காப்பதற்காகத் திரட்டப்பட்ட மந்தை ஒன்பது விலங்குகளுடன் தொடங்கியது. 1972 இல் பாலைவனத்தில் அந்த இனம் அற்றுப்போனது. வளர்ப்பில் பெருகியவை 1982 இல் ஓமானில் மீண்டும் விடுவிக்கப்பட்டன. ஒன்பதே எஞ்சிய மந்தையில் ஒன்றின் கால் முறிவது ஓர் இனத்தின் எதிர்காலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு முறிவதாகும்.