யாருடைய பதிவேடு? ரேகைச் சட்டம் முதல் கணினித் திரை வரை

ஒருவரைக் கைது செய்தால் காவல் நிலையத்தில் எழுதுகிறார்கள். சிறைக்குள் அனுப்பினால் அங்கேயும் எழுதுகிறார்கள். எழுதுவதில் இந்த அரசுக்கு ஒருபோதும் சோம்பல் இருந்ததில்லை. அந்த எழுத்தை யார் படிக்கலாம் என்பதில்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. இன்று முதல் தகவல் அறிக்கையைக் கைப்பேசியில் பார்க்கிறோம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தேடுகிறோம். இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த வசதியல்ல. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு தேடுபவருக்கும் தெரியாமல் தேடுபவருக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பிறப்பையே குற்றமாக எழுதிய பதிவேடு

1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ அரசு ‘அறிவிக்கை’ செய்துவிட்டால் போதும், அதில் பிறந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும், கைரேகை பிடிக்கப்படும். குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அந்த அறிவிக்கையை எதிர்த்து நீதிமன்றம் போகவும் வழியில்லை. மக்கள் இதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்துத் துப்பாக்கிச் சூட்டில் செத்தது பலருக்குத் தெரியும். தென்னாற்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் இதே சட்டத்தில் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்பட்டதும், அஜீஸ் நகர் குடியேற்றத்தில் அடைக்கப்பட்டதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குறவர்களின் பல பிரிவுகளும் இதே பதிவேட்டில் இருந்தன. கைரேகையை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் கல்கத்தாவில் வேலை செய்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களின் மேலதிகாரி ஹென்றியுடையது.

சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை ரத்து செய்தது. 1952 ஆகஸ்டு 31 அன்று இந்தியா முழுவதும் அது நீங்கியது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் சட்டத்திலிருந்து போனது, காவல்துறையின் கண்ணிலிருந்து போகவில்லை. இன்றும் நிலையங்களில் ‘ஹிஸ்டரி ஷீட்’ என்று ஒன்று திறக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பின்னணி கொண்டவர் என்பதற்காக இயந்திரத்தனமாக யார் பெயரையும் அதில் எழுதக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நோய் போயிருந்தால் மருந்து எதற்கு?

சிறைக்குள் இருந்த சாதிப் பத்தி

காவல் நிலையப் பதிவேட்டுக்கு இணையானது சிறைப் பதிவேடு. அதில் சாதிக்கென்று தனியாக ஒரு பத்தி இருந்தது. அது வெறும் புள்ளிவிவரத்துக்காக அல்ல. மேற்கு வங்கச் சிறை விதிகள், துப்புரவு வேலைக்கு மேத்தர், ஹரி சாதிக் கைதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அச்சிலேயே சொல்லின. பதிவேட்டில் எழுதிய சாதியைப் பார்த்து விளக்குமாற்றைக் கையில் கொடுப்பதுதான் முறை.

நம் பாளையங்கோட்டை மத்திய சிறையும் இந்தக் கதையில் இருக்கிறது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. மோதலைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்றது அரசு, அதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஊரில் சேரியைத் தனியாக வைப்பதற்குச் சொல்லும் அதே நியாயம்தான் சிறைக்குள்ளும்!

2024 அக்டோபர் 3 அன்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நியாயத்தை மறுத்தது. சாதி பார்த்து வேலை பிரிப்பதும் கைதிகளைப் பிரித்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்க உத்தரவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் புள்ளிவிவரம் சேகரிப்பதற்கு இது தடையல்ல என்று பின்னர் தெளிவுபடுத்தவும் செய்தது.

இந்தத் தெளிவு நமக்கு முக்கியம். கைதியின் தலைக்கு மேல் சாதியை எழுதுவது ஒடுக்குமுறை. சிறையில் எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று கூட்டிச் சொல்வது ஒடுக்குமுறைக்கான சாட்சியம். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறைக்குள்ளோ ஐந்தில் ஒருவருக்கும் மேல். இந்தக் கணக்கு வெளிவராமல் போனால் நாம் எதை வைத்துக் கேட்போம்?

பதிவேடு நம் பக்கம் திரும்பியது எப்படி

அரசு தனக்காக எழுதிய பதிவேட்டைக் கைதானவரின் பாதுகாப்புக்காகவும் எழுது என்று கட்டாயப்படுத்தியது காவல்நிலையச் சாவுகளுக்கு எதிரான போராட்டம். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளை வகுத்தது. கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும், சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நேரத்தை எழுது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? நேரம் எழுதப்படாத அந்த இடைவெளியில்தான் அடி விழுகிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் கைதானவரின் பெயர், முகவரி, கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி இருக்க வேண்டும் என்றது அது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென ஓர் அதிகாரி வேண்டும், தகவலை எண்ம முறை உட்பட எவ்வகையிலேனும் எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் நிலையத்தில் அந்தப் பலகை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் தகவல் அறிக்கைக்கும் இதுபோல ஒரு தீர்ப்பு உண்டு. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பதிவான 24 மணி நேரத்துக்குள், இணைய வசதி இல்லாத இடமானால் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை முடிவு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நிலைய எழுத்தர் ‘இது சென்சிட்டிவ் கேஸ்’ என்று சொன்னால் அது பதிலாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்ற ஒரே காரணம் அந்த விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி வைக்கப்படவில்லை.

திரையில் தெரிவதை எப்படிச் சரிபார்ப்பது

ஒரு வன்கொடுமை நடந்தால் மறுநாள் செய்தி வரும்: ‘ஐந்து பேர் கைது’. அதை நம்பி நாம் கலைந்துவிடக் கூடாது. நாங்கள் பின்பற்றும் வரிசை இது.

முதலில் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆரா என்று பார்க்கிறோம். மனு ஏற்புச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு ‘கேஸ் போட்டாச்சு’ என்பது பழைய தந்திரம். சி.எஸ்.ஆர். எண்ணை வைத்து யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. 15ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம்.

அடுத்து மூன்றைக் குறித்துக்கொள்கிறோம்: காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு. காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரை எடுத்து, சொன்ன புகாரும் எழுதப்பட்ட புகாரும் ஒன்றா, வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா, அதே நாளில் நம் ஆட்கள் மீது எதிர்வழக்கு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறோம்.

பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் அதே மூன்றை வைத்துத் தேடுகிறோம். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் வழக்கு எண்ணும், 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண்ணும் கிடைக்கும். அந்த சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு எப்போதும் அந்த வழக்கைப் பிடிக்கலாம். ஜாமீன் மனு தனி எண்ணில் ஓடும், அதையும் தனியாகத் தேட வேண்டும். ‘தலைமறைவு’ என்று காவல்துறை சொல்லும் ஆளின் பெயரில் ஜாமீன் மனு நிலுவையில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவே கூடாது. முருகன், செல்வம், குமார் என்ற பெயர்களில் ஒரு தாலுகாவில் எத்தனை பேர்! தகப்பன் பெயர், வயது, ஊர், குற்ற எண் நான்கும் பொருந்தினால்தான் ஆள் ஒன்று. தடுப்புக் காவலையும் கைதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் அந்த ஆணையின்படி தண்டனை பெற்றவர் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு ‘குற்றப் பின்னணி’ எடுத்துத் தரும் தனியார் தளங்களை ஆதாரமாகக் கொள்வதில்லை. திரையில் பார்த்தது துப்புதான். ஆதாரம் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கும் சான்றிட்ட நகல் வேண்டும்.

திரையில் எதுவுமே கிடைக்காவிட்டால், ஒருவரைப் பிடித்துப்போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால், காத்திருக்கக் கூடாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டம் 7(1) சொல்கிறது. அதற்கும் முன்னால் வழக்கறிஞர் மூலம் ஆட்கொணர்வு மனு.

மேலவளவு சொல்லித்தந்த பாடம்

கைதைப் பின்தொடர்வதைப் போலவே விடுதலையையும் பின்தொடர வேண்டும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் மூன்று பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில் மேலும் 13 பேர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி. அந்த அரசாணைகளைப் பார்ப்பதற்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் 15ஏ பிரிவு, ஜாமீன், விடுதலை, பரோல் குறித்த நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. வன்கொடுமைச் சட்ட வழக்குகளில் இதை எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். கொலைகாரர் ஊருக்குள் நுழைந்த பிறகு மேளச் சத்தத்தில் தெரிந்துகொள்வது எந்த வகை நீதி?

நம் கையிலும் அதே கத்தி

பதிவேடு நமக்குத் திறந்தால் மற்றவர்களுக்கும் திறக்கும். கலவரத்தின்போது கூட்டத்தோடு பிடித்துப்போன நம் பிள்ளைகள் பத்தாண்டு கழித்து விடுதலையாகிறார்கள், ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் பழைய எஃப்.ஐ.ஆர். முன்னால் வந்து நிற்கிறது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர் தன் பெயரை இணையத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கேட்டபோது 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இன்னொரு பக்கம், 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் கைரேகை முதலானவற்றை 75 ஆண்டுகள் வைத்துக்கொள்ள வழி செய்கிறது. 1911இன் ரேகை நினைவுக்கு வருகிறதா?

ஆகவே நமக்கும் நெறி வேண்டும். சிறார் பெயரை வெளியிடக் கூடாது, சட்டமே தடுக்கிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டக் கூடாது. கைது என்பதைக் குற்றம் நிரூபணமானதாக எழுதக் கூடாது. நாம் முன்பு கைதுச் செய்தி போட்டவர் விடுதலையானால் அதையும் போட வேண்டும், அவர் எந்தச் சாதிக்காரராக இருந்தாலும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள் தோழர்களே. சம்பவ நாள், குற்ற எண், பிரிவுகள், கைதான நாள், ஜாமீன் நாள், சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா என்று ஏழு பத்திகள் போதும். சாதிப் பத்தி வேண்டாம். மாதம் ஒருமுறை உட்கார்ந்து திரையோடு ஒப்பிட்டு நிரப்புங்கள். வாய்தாவுக்கு யாராவது ஒருவர் போய் நில்லுங்கள். நம்மை எண்ணி எழுதிய அரசை இனி நாம் எண்ணி எழுதுவோம்.