யொரூபாப் பெயர்கள் சொல்லும் வரலாறு

நாள்தோறும் வரவு இடாப்பை வாசிக்கும் ஆசிரியன் நான். பெயர்களின் பொருளைத் தேடும் பழக்கம் அதனால் வந்ததே. அவ்வாறு தேடியதில் என்னை மிகவும் கவர்ந்தவை, நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் பெயர்களாகும்.

அங்கு பிள்ளை பிறந்த எட்டாம் நாள் பெயர் சூட்டுவது மரபு. வீட்டைப் பார்த்தே பிள்ளைக்குப் பெயரிட வேண்டும் என்பது அவர்களின் முதுமொழி. எனினும், சில பெயர்களைப் பிள்ளையே விண்ணிலிருந்து கொண்டுவருகிறதாம். இரட்டையரில் முதலில் பிறப்பவர் தாயிவோ, அடுத்தவர் கெஹிந்தே. ஆனால் கெஹிந்தேதான் மூத்தவர்! உலகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவர இளையவரை முன்னே அனுப்பியவர் அவரே என்பது நம்பிக்கை. இரட்டையருக்குப் பின் பிறப்பவர் இதோவு. கால் முன்னாக வந்தால் இகே. முகங்குப்புற வந்தால் அஜாயி.

பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில், ஒரே பிள்ளைதான் வந்துவந்து போகிறது என்று நம்பினர். அத்தகைய பிள்ளை ‘அபிகு’ எனப்பட்டது. அடுத்த பிள்ளைக்கு மலோமோ, அதாவது ‘இனிப் போகாதே’ என்று பெயரிட்டனர். துரோஜாயே என்றால் ‘இருந்து வாழ்வை அனுபவி’. இவை பெயர்களா, பெற்றோரின் மன்றாட்டங்களா?

1993 ஜூன் 12இல் நடந்த நைஜீரிய ஜனாதிபதித் தேர்தலில் முன்னணியில் நின்ற மொசூத் கஷிமாவோ ஒலாவாலே அபியோலா, தந்தையின் இருபத்து மூன்றாவது பிள்ளை. உயிர் தப்பிய முதற்பிள்ளை. கஷிமாவோ என்பதன் பொருள் ‘பொறுத்துப் பார்ப்போம்’. முதற்பெயர் அவரை முஸ்லிம் என்கிறது. இரண்டாவது பெயர் அவ்வீட்டின் இழப்புகளைச் சொல்கிறது. இராணுவ அரசு அத்தேர்தலை இரத்துச் செய்தது. அவர் 1998 ஜூலை 7இல் தடுப்புக்காவலில் காலமானார்.

அடிமை வியாபாரம் இப்பெயர்களையும் சூறையாடியது. அத்திலாந்திக் கடந்து விற்கப்பட்ட பலர் எசமானர் இட்ட பெயரோடு வாழ நேர்ந்தது. 1821இல் பிடிபட்ட சிறுவன் அஜாயி, கப்பலிலிருந்து மீட்கப்பட்டுச் சாமுவேல் குரோதர் என்று ஞானஸ்நானம் பெற்றார். 1864இல் ஆபிரிக்கரான முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். ஆயினும், சாமுவேல் அஜாயி குரோதர் என்றே வரலாறு அவரைக் குறிக்கிறது. அடிமைச் சந்தை அழிக்க முயன்ற ஒரு தாயின் பிரசவ நினைவு அந்த நடுப்பெயரில் இன்னும் உயிரோடிருக்கிறது.