அச்செழுத்துக் கூறும் சாட்சி

தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டியவுடனே, இந்தப் பக்கம் எந்தக் கிராணியின் கைப்பட எழுதியது என்று ஆபீசில் உள்ளோர் சொல்லிவிடுவர். கையெழுத்துக்குரிய இக்குணம் அச்செழுத்துக்கும் உண்டென்பதை நம்மவரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈயத்தில் வார்த்த எழுத்துத்தானே, எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அஃது அவ்வாறன்று. பழைய நூலின் எழுத்து வடிவத்தைக் கூர்ந்து நோக்கினால், அஃது எங்கே, எக்காலத்தில், எத்தகைய நெருக்கடியில் அச்சேறிற்று என்பதை அந்நூலே உரைக்கும்.

ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற நாம், 1476-ல் காக்ஸ்டன் என்பார் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார் என்று மனப்பாடமாய் ஒப்பித்தோம். அதற்குச் சற்றேறக்குறைய நூறாண்டு கழித்து, 1578-ல், கொல்லத்தில் தமிழ் நூலொன்று தமிழெழுத்திலேயே அச்சாயிற்று என்பதை அங்கே எவரும் நமக்குச் சொன்னாரில்லை. அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூலே அது. இந்திய எழுத்துக்களில் அச்சாகி இன்று நமக்குக் கிட்டியிருப்பனவற்றுள் அதுவே முந்தியது. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை நூலகத்தில் அதனைப் பேணி வருகின்றனர். அதன் கடைசிப் பக்கத்தில், 1577-ல் கோவாவில் செய்த எழுத்துக்களும் 1578-ல் கொல்லத்தில் செய்த எழுத்துக்களும் மாதிரிக்காக அச்சிடப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில், இரண்டு ஊர்களில், இரண்டு வடிவங்கள்!

அந்நூலில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேற்றுமை இல்லை. நெட்டெழுத்தின் காலும் ரகரமும் ஒன்றேபோல் நிற்கின்றன. காரணம் யாது? அச்சு வார்த்தவர் தம் முன் கண்டது பனையோலை வழக்கு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். ஓலையின் நோயை ஈயமும் வாங்கிக்கொண்டது. பின்னர், 18-ஆம் நூற்றாண்டில், ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் குறிகளை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். இத்தாலியில் பிறந்த அப்பெரியார் தீட்டிய சுழியைத்தான் நாம் அனைவரும் இன்று பழந்தமிழ் வடிவமென நினைத்து எழுதி வருகிறோம்.

தரங்கம்பாடிக் கதை இன்னும் சுவையுடைத்து. சீகன்பால்கு ஐயர் அங்கு நடத்திய அச்சுக்கூடத்திற்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-ல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் காகிதம் கட்டுக் கட்டாய்ச் செலவாகும். காகிதமோ கடல் கடந்து வரவேண்டும். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தனர். 1714-ல் தொடங்கி 1715-ல் முடிந்த புதிய ஏற்பாட்டின் முற்பகுதி பேரெழுத்திலும் பிற்பகுதி சிற்றெழுத்திலும் அமைந்திருப்பது இதனால்தான். ஒரே நூலுக்குள் எழுத்துச் சுருங்குவதைக் கண்டால் அழகுக்காகச் செய்ததென்று கொள்ளலாகாது. காகிதத்தின் பஞ்சமே அங்கே பேசுகிறது.

எழுத்தைக்கொண்டு ஆண்டைக் கணிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஈயவெழுத்து எளிதில் சாவதில்லை. புதுவடிவம் பிறந்த பின்னரும் ஏழை அச்சுக்கூடத்தார் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே காலம் தள்ளுவர். ஆகையால் ஒரு வடிவம், நூல் இன்ன ஆண்டுக்கு முற்பட்டதன்று என்று காட்டுமேயன்றி, பிற்பட்டதன்று என்று காட்டாது. உடைந்த எழுத்தோ இன்னும் நல்ல சாட்சி. ஒரே முறிவு இரு நூல்களில் தென்படின், இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று பெரும்பாலும் துணியலாம்.

தமிழெழுத்து ஆதியில் அருளப்பட்டவாறே மாறாது நிற்கிறது, அதைத் தொடுவது பாவம் என்று கூக்குரலிட்ட பண்டிதர்கள் இந்நூல்களில் ஒன்றையேனும் விரித்துப் பார்த்திருப்பரோ? 1935-ல் பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கைக்கொண்டார். அதுவரை லை, ளை, ணை, னை என்னும் நான்கும் யானைத் துதிக்கைபோல் வளைந்த தலையோடு நின்றன. ணா, றா, னா என்பவை காலின்றிக் கீழே சுழிந்து கிடந்தன. இவற்றோடு கொம்பு சேர்ந்த ஒகர, ஓகார வரிசையும் கூடப் பதின்மூன்று எழுத்துக்கள் விதிக்கு விலக்காய் நின்று, லயத்துப் பிள்ளைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வைத்தன. மற்ற எழுத்துக்களுக்குரிய காலும் ஐகாரக் குறியும் பெட்டியில் இருக்கவே இருந்தன. இவற்றுக்கும் அவற்றையே சேர்த்தால் போதும் என்பதே பெரியார் கண்ட வழி. ஏதும் புதிதாய்ப் படைக்க வேண்டியிருக்கவில்லை. தமிழக அரசு 1978-ல் அதனை ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன.

அந்த 43 ஆண்டுகளில் இரு வடிவங்களும் அக்கம்பக்கமாய் வழங்கின. பாட்டன்மார் வைத்துச் சென்ற தகரப்பெட்டியைத் திறந்து, தலைப்பக்கம் கிழிந்துபோன பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுப்போர், முதற்கண் 'னை' எங்கே வருகிறதென்று தேடிப் பார்க்கட்டும். துதிக்கை இல்லையேல், அப்புத்தகம் 1935-க்கு முன் சென்றிருக்க இடமில்லை. துதிக்கை இருந்தால், காகிதத்தையும் விளம்பரப் பக்கங்களையும் கேட்க வேண்டியதுதான்.