யாருடைய ஆள்?

தலைவன் நம்மில் ஒருவனாக இருக்க வேண்டும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத விஷயமாகிவிட்டது. 'நம்மில்' என்பதன் எல்லையைப் பிறப்பு போட்டுத் தருகிறது: ஜாதி, மொழி, மதம், இனம், ஏதோ ஒன்று. திருச்சியின் ரயில்வே சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு இதில் சந்தேகம் வலுக்கிறது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் சென்னை மாகாணச் சட்டசபைக்கு 215 இடங்கள் வகுத்தது. அந்தப் பட்டியலை ஒரு சமூகச் சித்திரமாகவே படிக்கலாம். முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, நிலச்சுவான்தார்களுக்கு 6, ஐரோப்பியர்களுக்கு 3, ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2. தொழிலாளர்களுக்கும் 6 இடங்கள். அவற்றில் ஒன்று ரயில்வே தொழிற்சங்கத் தொகுதி. மனிதனை ரத்தத்தால் எண்ணுவது, வேலையால் எண்ணுவது என்ற இரண்டு கணக்கும் ஒரே தாளில் இருந்தன. இரண்டும் ஒரே ஊரில் உரசிக்கொண்டது பொன்மலையில்.

தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சி. நாகப்பட்டினத்துப் பட்டறை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. கம்பெனியின் படிக்கட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். உச்சியில் வெள்ளைக்காரன். மெயில் வண்டி டிரைவர், கார்டு, ஃபோர்மன் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியன். ஆபீஸ் மேஜையில், காவிரிப் பாலத்தைக் கடந்து வரும் ஸ்ரீரங்கத்துக் குமாஸ்தா. உலைக்கு முன்னால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவன். ஒவ்வொரு படிக்கும் அதற்கான தலைமை உண்டு. அந்தத் தலைமையின் முதல் வேலை கீழ்ப்படிக்காரன் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது. வெள்ளைக்காரன் இதைத் திட்டமிட்டுச் செய்தான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. படிக்கட்டு நமக்கும் பழக்கமானதுதான்.

பட்டறைகளை ஒன்றுசேர்த்ததை ஒட்டி ஆட்குறைப்பு வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும். ஒருவர் சென்னைக் கடற்கரை மீனவ சமூகத்தில் பிறந்த வக்கீல், மற்றவர் வங்காளி. இருவரும் பட்டறைக்காரர்களும் அல்ல, திருச்சிக்காரர்களும் அல்ல. இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அப்பீலில்தான் குறைந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் தலைவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று கேட்காமல் பின்னால் போகலாம் என்ற பழக்கம் அங்கே ஏற்பட்டுவிட்டது.

1946 தேர்தலில் ரயில்வே தொழிற்சங்கத் தொகுதியில் வென்று சட்டசபைக்குப் போனவர் அனந்த நம்பியார், கம்யூனிஸ்டு, மலையாளி. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் வேலைநிறுத்தம். செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சுட வந்தது மலபார் சிறப்புப் போலீஸ். அன்று சென்னையில் ஆட்சி காங்கிரஸுடையது, பிரதமர் பிரகாசம். 1928ல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது துப்பாக்கிக்கு எதிரே மார்பைத் திறந்து காட்டியவர் என்று புகழப்பட்டவர். தொழிலாளர்களின் தலைவர் மலையாளி, துப்பாக்கி பிடித்தவர்கள் மலபார் படை, ஆட்சித் தலைவர் தெலுங்கர், செத்தவர்கள் பட்டறைக்காரர்கள். அன்றைக்கு யார் யாருடைய ஆள் என்பதைப் பிறப்பை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

நம்பியார் 1962லும் 1967லும் திருச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். இடையில் காவலில் வைக்கப்பட்டார். காவலில் உள்ள உறுப்பினருக்குச் சபைக்குப் போகத் தனி உரிமை கிடையாது என்ற 1965ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் தொடுத்த வழக்கில் வந்ததுதான். 1967 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். மொழிப்போர் நடந்து இரண்டு வருஷம். தமிழ் என்ற சொல்லே ஓட்டாக மாறிய தேர்தல். அதில் திருச்சி ஒரு மலையாளியைத் தேர்ந்தெடுத்தது. தி.மு.க. கூட்டணியின் பலம் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் மொழியைச் சொல்லி அவரை ஒதுக்கத் திருச்சிக்குத் தோன்றவில்லை.

இதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. பட்டறைக்குள் ஒன்றாக நின்றவர்கள், சங்கு ஊதியதும் அவரவர் தெருவுக்குத்தான் திரும்பினார்கள். வேலை தந்த ஒற்றுமை வேலை நேரத்தோடு முடிந்தது. தெருவுக்குள் புகும் தைரியம் சங்கத்துக்குக் கடைசிவரை போதவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலோ இந்தியனையும் எளிதாகப் பழித்துவிட முடியாது. அவனுடைய தலைவர் பிராங்க் அந்தோணி அரசியல் நிர்ணய சபையில் போராடி ரயில்வே, சுங்கம், தபால், தந்தி வேலைகளில் பத்தாண்டுப் பாதுகாப்பு வாங்கித் தந்தார். இரண்டு வருஷத்துக்கொருமுறை பத்து சதவிகிதம் தேயும் பாதுகாப்பு. பயந்துபோன சிறு கூட்டத்துக்கு அது கவசம். ஆனால் கவசத்துக்குள் இருந்தவன் வெளியே பக்கத்து மனிதனோடு உறவு தேடவில்லை. கவசம் தேய்ந்ததும் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்கள். ரத்தத்தின் பேரில் கிடைத்த தலைமை அவர்களைக் காப்பாற்றியது, வேர்விட வைக்கவில்லை.

2011ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயலலிதா நின்றபோது, அது தன் பூர்விக ஊர் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். மைசூர் ராஜ்யத்தில் பிறந்தவருக்கு அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் இருந்தது, சொன்னது எடுபட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம்பியார் எந்தப் பாட்டனையும் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் இடையில் காவிரி மட்டுமல்ல, நாற்பத்து நான்கு வருஷங்களும் ஓடியிருக்கின்றன.

1950ல் குடியரசு அந்தப் பழைய தாளைத் திருத்தியது. தொழிலாளர் தொகுதிகள் போயின. எல்லோருக்கும் ஓட்டு வந்தபின் அவை எதற்கு என்ற வாதம் சரியானதுதான். ஆனால் அதே வாதம் ஆங்கிலோ இந்திய நியமன இடத்துக்குப் பொருந்தவில்லை. அது 2020 ஜனவரிவரை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவில் ஆங்கிலோ இந்தியன் யார் என்ற இலக்கணம் மட்டும் இருக்கிறது. தந்தை வழியில் ஐரோப்பிய ரத்தம் இருக்கவேண்டும். தாய் யார் என்று அது கேட்பதில்லை. ரத்தத்தால் எண்ணப்பட்டவனுக்கு ஒரு வாக்கியமாவது மிஞ்சியிருக்கிறது. வேலையால் எண்ணப்பட்டவனுக்கு வருஷத்தில் ஒரு நாள், செப்டம்பர் 5, பொன்மலைச் சங்கத்திடலில்.